எந்த வெள்ளைக்காரரிடம் உண்மை சொல்வது

பேச்சு வந்த கையோடு லெட்டிக்கு அவள் அம்மா கெசையா ஒரு பதிலைப் பழக்கிவிட்டாள். வெள்ளைக்காரர் யார் வந்து விசாரித்தாலும் கண்ணுக்கு நேராகப் பார்க்கக் கூடாது. முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும். மூச்சு விடாமல் சொல்ல வேண்டும்: "எசமான் தங்கமானவருங்க. வயிறாரப் போடறாருங்க. நாங்க இந்த வீட்டுப் பிள்ளைங்க மாதிரிங்க." நடுவில் தடுக்கினால் அம்மா தலையை ஆட்டுவாள். சிரிப்பைக் கூட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

கெசையா ஒன்றும் ராட்சசி அல்ல. அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். விருந்துக்கு வந்த பாதிரியார் மனைவி ஒருத்தி அன்பொழுக விசாரித்ததில் மனம் இளகிப்போய், அக்கா பட்டினியையும் அடியையும் அவளிடம் கொட்டிவிட்டாள். அந்தப் புண்ணியவதி கண் கலங்கி, தேநீர் வேளையில் வீட்டு எசமானியிடமே அவளுக்காகப் பரிந்து பேசினாள். அடுத்த வாரம் அக்காவைத் தெற்கே தொலைதூரத்து ஜார்ஜியாவுக்கு விற்றார்கள். கெட்டவனிடம் யாரும் உண்மை சொல்வதில்லை, நல்லவர்களிடம் சொன்னால்தான் ஆபத்து என்று அன்றைக்குக் கெசையாவுக்குப் புரிந்தது. மேரிலாந்தின் அந்தக் கரையோரத்தில் கறுப்புத் தாய்மார் எல்லோரும் இந்தப் பதிலை ஏதோ ஒரு வடிவில் பாலோடு ஊட்டித்தான் பிள்ளை வளர்த்தார்கள். அதை நிஜமென்று நம்பியவர்கள் எசமான்கள் மட்டும்தான்.

ஜனாதிபதி விடுதலையை அறிவித்தபோதுகூட மேரிலாந்து அடிமைகளுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. பிரிந்துபோய்ச் சண்டை போட்ட மாநிலங்களுக்குத்தான் அந்த அறிவிப்பு. அரசாங்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த மாநிலத்து எசமான்களின் மனசை நோகடிக்கலாமா? எதிரியின் அடிமைக்கு விடுதலை, நண்பனின் அடிமைக்குப் பொறுமை. அந்தப் பொறுமைக்கும் ஒரு முடிவு வந்தது. மாநிலமே புதுச் சட்டம் எழுதி ஓட்டுக்கு விட்டது, அது மயிரிழையில் ஜெயித்தது. 1864 நவம்பர் முதல் தேதி விடிந்தபோது அங்கே சட்டப்படி ஓர் அடிமைகூட இல்லை.

கெசையா பாஸ்கம் பண்ணையின் சமையல்காரி. அவள் புருஷன் பெரி போன குளிர்காலத்தில் நீலக்கோட்டு போட்டுக்கொண்டு அரசாங்க ராணுவத்தோடு போனவன், வர்ஜீனியாப் போர்முனையில் ஏதோ சேற்றுக்குழியில் கிடந்தான். பதினோரு வயது லெட்டி ஒருத்திதான் துணை. அன்றைக்கு விடியற்காலையில் கறுப்பர்கள் எல்லோரும் காட்டோரத்து ஜெபவீட்டுக்குக் கிளம்பினார்கள். கெசையா மகளை எழுப்பக் குனிந்தவள், மனசு மாறி நிமிர்ந்தாள். பிறந்ததிலிருந்து சூரியனுக்கு முன்னால் எழுந்த பிள்ளை. இன்றைக்காவது வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கட்டும். சுதந்திரம் வந்து அவள் மகளுக்குக் கொடுத்த முதல் பரிசு அந்தத் தூக்கம்தான்.

பாடி, அழுது, தொண்டை கட்டித் திரும்பி வந்தபோது படுக்கை காலியாக இருந்தது. குதிரை லாயத்திலேயே தங்கிவிட்ட கிழவர்தான் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். பெரியவர்கள் அந்தப்பக்கம் போனதும் எசமான் பண்ணையிலிருந்த பிள்ளைகளை எல்லாம் வண்டியில் ஏற்றி டவுனுக்கு ஓட்டிப் போய்விட்டார். கெசையா போட்டிருந்த நல்ல உடுப்போடு அப்படியே ஓடினாள்.

டவுனில் இருந்தது அநாதைகள் கோர்ட்டு. பெற்றவர் இல்லாத பிள்ளைகளை ஓர் எசமானிடம் வேலை பழகக் கட்டி வைக்கும் இடம் அது. பெண் என்றால் பதினெட்டு வயதுவரை, ஆண் என்றால் இருபத்தொன்றுவரை. பெற்றவர் இருந்தும் காப்பாற்ற வக்கில்லை என்று நீதிபதிகளுக்குத் தோன்றினால் அந்தப் பிள்ளையையும் கட்டலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்து வழியாக அன்றைக்கு வண்டி வண்டியாகப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். வெளியே தாய்மார் கதறிக்கொண்டிருந்தார்கள், உள்ளே அவர்களுடைய பிள்ளைகளை அநாதை என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்த அநியாயத்துக்கு முத்திரை வேறு, சிவப்பு மெழுகில்.

கெசையா எப்படியோ முண்டியடித்து உள்ளே புகுந்துவிட்டாள். மேசைக்கு முன்னால் லெட்டி நின்றாள், பக்கத்தில் பாஸ்கம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அது தன் மகள், தான் வளர்த்துக்கொள்கிறேன் என்று கெசையா சொன்னாள். நடுவிலிருந்த வயசான நீதிபதி எரிந்து விழவில்லை. எந்த வீட்டில் வைத்து வளர்ப்பாய் என்று பொறுமையாகக் கேட்டார். கெசையாவுக்குத் தெரிந்த வீடு பாஸ்கம் வீடு ஒன்றுதான். என்ன வேலை என்றார். சமையல் என்றாள். யாருக்குச் சமைக்கிறாய் என்றார். காலையிலிருந்து அவள் யாருக்கும் சமைக்கவில்லை.

நீதிபதி நியாயமான மனுஷராக இருக்க ஆசைப்பட்டார். மற்ற பிள்ளைகளை ஏறிட்டுக்கூடப் பார்க்காதவர், லெட்டியிடம் திரும்பினார். "பயப்படாம சொல்லு, பாப்பா. உன்னை எசமான் எப்படி வச்சிருக்காரு?"

லெட்டி சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தாள். "எசமான் தங்கமானவருங்க" என்று ஆரம்பித்தாள். கெசையா பதறிப்போய், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஓரக்கண்ணால் அதைப் பார்த்த பிள்ளை, எங்கேயோ தடுக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டது. சிரிப்பை இன்னும் கூட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து, கணீரென்று, ஒரு சொல் பிசகாமல் முழுவதையும் சொல்லி முடித்தது.

பாஸ்கம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பென்று நினைக்க வேண்டாம், அந்த மனுஷனுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது. நீதிபதி கெசையாவைப் பார்த்து, "பிள்ளையே சொல்லிடுச்சேம்மா" என்றார். முத்திரை விழுந்தது.

வாசலில் வண்டியில் ஏறுவதற்குமுன் லெட்டி அம்மாவிடம் ஓடிவந்தாள். முகத்தில் அத்தனை பெருமை. "ரெண்டாவது தடவை தடுக்காம சொன்னேன்ல?" என்றாள்.

"நல்லா சொன்னேடி" என்றாள் கெசையா. வேறு என்ன சொல்ல முடியும்? பிள்ளை மேல் தப்பில்லை. இத்தனை வருஷமாகத் தானே தன் கையால் பின்னிய கயிறு என்று அவளுக்கு நெஞ்சு வெந்தது.

பாஸ்கம் வண்டியிலிருந்தபடியே அவளையும் கூப்பிட்டார். பழைய இடம் அப்படியே இருக்கிறது, வந்து சமையலைப் பார்த்துக்கொண்டு மகளோடு இருக்கலாமே என்றார். போனால், எந்த வீடு, என்ன வேலை என்று நீதிபதி கேட்டதற்கெல்லாம் பாஸ்கம்தான் பதில் என்று ஆகிவிடும். வீடும் வேலையும் தேடிக்கொண்டு வந்து பிள்ளையை மீட்கிறேன் என்று மனசுக்குள் சூளுரைத்துக்கொண்டு கெசையா டவுனிலேயே நின்றுவிட்டாள்.

அவளைச் சேர்த்துக்கொண்டவள் மெலின்டா. பரம்பரையாகச் சுதந்திரக் கறுப்பர் குடும்பம், துணி வெளுக்கும் தொழில். சோப்புக் காய்ச்சிக் காய்ச்சிக் கை தோல் உரிந்தவள், வாய் மட்டும் உரியாதவள். முதல் நாளே ஒரு மூட்டைப் படுக்கை விரிப்பைக் கெசையாவின் முன்னால் தள்ளினாள். "சுதந்திரம் சுதந்திரம்னு விடிகாலையிலேருந்து பாடினீங்களே, இதாண்டி அது. நான் பொறந்ததிலேருந்து அனுபவிக்கிறேன். நல்லா கசக்கு" என்றாள்.

கெசையா கசக்கினாள். மாதம் முடிவதற்குள் மெலின்டா வீட்டுப் பின்னால் அவளுக்கென்று ஓர் அறை கிடைத்தது. அதற்குக் கதவு இருந்தது, கதவுக்குப் பூட்டு இருந்தது, சாவி அவள் இடுப்பில் இருந்தது. சிறிய கட்டில் ஒன்றையும் வாங்கிப் போட்டு, அதில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டாள். பால்டிமோரில் ராணுவ அதிகாரிகள் இந்த மாதிரிப் புகார்களைக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், மெலின்டாவின் சபைப் பாதிரியாரைப் பிடித்துக் கடிதம் எழுதச் சொன்னாள். விசாரிக்க ஆள் வரும் என்று பதில் வந்தது. பிள்ளையின் வாக்குமூலம்தான் முக்கியம் என்றும் அதில் இருந்தது.

ஞாயிறு மாலையில் பண்ணை வேலியோரத்தில் மகளைப் பார்க்க பாஸ்கம் அனுமதித்திருந்தார். லெட்டி வரவர மெலிந்துகொண்டே போனாள். எசமானின் மனைவி பாஸ்கம் அம்மாள் அவளைத் தன் கட்டிலுக்குக் கீழே வெறுந்தரையில் படுக்க வைத்தாள், ராத்திரி தண்ணீர் எடுத்துக் கொடுக்க. கூப்பிட்டதும் எழுந்திருக்காவிட்டால் சாவிக்கொத்தால் விரல் முட்டியில் அடி. முட்டிகள் வீங்கிப்போயிருந்தன. கெசையா வேலிக்கு வெளியே நின்று அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டாள். உள்ளே போய் அந்த அம்மாளின் கையை முறுக்கிவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? போனால் ஜெயில். ஜெயிலுக்குப் போன தாய்க்கு எந்த அதிகாரி பிள்ளையைக் கொடுப்பான்?

ஊட்டியதைத் திரும்பப் பிடுங்க வேண்டியிருந்தது. நீலக்கோட்டு போட்ட ஒருத்தர் வருவார், அவரிடம் நடந்ததை நடந்தபடி சொல் என்று கெசையா படித்துப் படித்துச் சொன்னாள்.

"அவரும் வெள்ளைக்காரர்தானே?" என்றாள் லெட்டி.

"ஆமா."

"கோர்ட்டுத் தாத்தாவும் பயப்படாம சொல்லுன்னுதானே சொன்னாரு. எந்த வெள்ளைக்காரர்கிட்ட உண்மை சொல்லணும், எவர்கிட்ட பொய் சொல்லணும்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது?"

கெசையாவுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அக்கா ஜார்ஜியாவுக்குப் போயிருக்க மாட்டாள். "நான் பக்கத்துலயே நிப்பேன்" என்றாள். "தலையை மேலும் கீழும் ஆட்டினா, இந்த ஆள்கிட்ட சொல்லலாம்னு அர்த்தம். நான் இருக்கேன்ல?" பிள்ளை அரைமனதோடு சரி என்றது.

ஜனவரியில், ஆற்றோரம் பனிக்கட்டி கட்ட ஆரம்பித்த சமயத்தில், லெப்டினன்ட் ஒருவர் நீராவிப் படகில் வந்து இறங்கினார். மாசசூசெட்ஸ்காரர், இளைஞர், இருமலால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். படகு திரும்புவதற்குள் முடிக்க வேண்டும் என்று கெசையாவைக் கூட்டிக்கொண்டு நேராகப் பண்ணைக்குப் போனார். பாஸ்கம் வாசலுக்கே வந்து வரவேற்றார், பீச் பிராந்தி எடுத்து நீட்டினார். லெப்டினன்ட் வேண்டாமென்று சொல்லிவிட்டு மேசையில் தாளை விரித்தார். ஆள் நேர்மையானவர்தான் என்று கெசையாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

லெட்டியை அழைத்துவந்தார்கள். தலை வாரி, காலில் ஷூ போட்டிருந்தார்கள். இந்த வீட்டில் உன்னை எப்படி நடத்துகிறார்கள் என்று லெப்டினன்ட் கேட்டார். லெட்டி கண்ணைத் தாழ்த்தினாள். உதட்டில் அந்தப் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. பாஸ்கம் கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை அம்மாவின் பக்கம் திரும்பியது. கெசையா தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. "நான் கட்டிலுக்குக் கீழ தரையில படுத்துக்கிறேன்" என்றாள் லெட்டி, மெல்ல. "எசமானியம்மா சாவியால அடிப்பாங்க. இங்க பாருங்க." கையை நீட்டிக் காட்டினாள். "இந்த ஷூ இன்னிக்குக் காலையிலதான் குடுத்தாங்க. எனக்குப் பெருசா இருக்கு. எனக்கு எங்கம்மாகூடப் போகணும்."

வெள்ளைக்காரர் முன்னால் தனக்கு இது வேண்டும் என்று அந்தக் குடும்பத்தில் யாரும் அதுவரை வாய்திறந்து கேட்டதில்லை. கெசையாவுக்கு அந்தச் சின்னக் கட்டில் ஞாபகம் வந்தது. இன்று ராத்திரி அதில் என்ன போர்த்துவது என்பதுவரை மனசு ஓடிவிட்டது.

லெப்டினன்ட் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கெசையாவின் அறையைப் பற்றி, வேலையைப் பற்றிக் கேட்டு அதையும் எழுதினார். முடித்துவிட்டு எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். சந்தேகமே இல்லை, பிள்ளை உன்னோடு இருக்க வேண்டியதுதான், இதை இன்றைக்கே பால்டிமோருக்கு எடுத்துப் போகிறேன், ஆணை வந்துவிடும் என்றார்.

"எப்பங்கய்யா வரும்?"

"மூணு வாரம், நாலு வாரம். ஆறு உறைஞ்சிட்டா கொஞ்சம் கூட ஆகலாம்."

"அதுவரைக்கும் எம்பொண்ணு?"

அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "அதுவரைக்கும் கோர்ட்டு உத்தரவு இருக்கே. இங்கதான் இருக்கணும்" என்றார்.

கெசையா அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். இவ்வளவையும் இவர்கள் காதுபடச் சொல்ல வைத்துவிட்டு இவர்களிடமே விட்டுப்போகாதீர்கள், இப்போதே உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். தனக்கு எழுதிக்கொள்ள மட்டும்தான் அதிகாரம், எடுத்துக்கொண்டு போக இல்லை என்று லெப்டினன்ட் வருத்தத்தோடு சொன்னார். பாஸ்கமைப் பார்த்து, பிள்ளைக்கு ஒன்றும் நேரக் கூடாது என்றார். பாஸ்கம் நெஞ்சில் கை வைத்து, கனவானின் வாக்கு என்றார். ஒரு கனவான் இன்னொரு கனவானை நம்பினார். ஆற்றுப் பக்கமிருந்து படகின் ஊதல் கேட்டது, லெப்டினன்ட் இருமிக்கொண்டே வண்டியில் ஏறினார். நல்ல மனுஷர். அக்காவுக்காகக் கண் கலங்கிய அந்தப் பாதிரியார் மனைவியும் நல்ல மனுஷிதான்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் பாஸ்கம் அம்மாள் முதன்முறையாக வாயைத் திறந்தாள். "ஷூவைக் கழட்டு" என்றாள்.

லெட்டி குனிந்து கழட்டினாள். இப்படியெல்லாம் பேச யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பாஸ்கம் கேட்டார். குரலில் கோபத்தைவிட மனவருத்தம்தான் தெரிந்தது. சொந்தப் பிள்ளை துரோகம் செய்துவிட்ட தகப்பன் போல் இருந்தார் அவர். நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று கெசையா சொன்னாள்.

"சரி, நீ வந்த வேலை முடிஞ்சுதில்ல? கிளம்பு. உன்னை இங்க யாரும் பிடிச்சு வைக்கலையே" என்றார் பாஸ்கம்.

நிஜம்தான். முன்வாசல் திறந்து கிடந்தது. டவுனில் அவளுக்கு அறை இருந்தது, சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. போகலாம். வேலியோரம் வந்து நின்று, மகளின் விரல்கள் இந்த வாரம் எப்படி இருக்கின்றன என்று பார்க்கலாம். தலையை ஆட்டிச் சொல்ல வைத்தவள் நான், அடி வாங்குகிறவள் அவள். இந்த எண்ணம் வந்ததும் கெசையாவுக்குக் கால் வாசல் பக்கம் திரும்ப மறுத்துவிட்டது.

அவள் பாஸ்கம் அம்மாள் பக்கம் திரும்பினாள். "ராத்திரிக்கு என்ன சமைக்கணுங்க?" என்றாள்.

கூலி கிடையாது என்றாள் அம்மாள். நான் கேட்கவில்லையே என்றாள் கெசையா. மகளோடு அதே தரையில் படுத்துக்கொள்கிறேன், ராத்திரி தண்ணீர் நானே எடுத்துக் கொடுக்கிறேன் என்றாள். புதுச் சமையல்காரி இரண்டு மாதமாகக் கருக்கிக் கொட்டியதைச் சாப்பிட்டு நொந்துபோயிருந்த அம்மாள், கோழி செய் என்றாள்.

சமையல்கட்டில் அண்டா நிறைய வெந்நீர் கொதித்தது. கெசையா கோழியை அறுத்து முக்கி எடுத்தாள். லெட்டி வெறுங்காலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ போயிடும்மா" என்றாள். "என்னைத்தானே கோர்ட்டுல எழுதி வாங்கினாங்க. உன்னை யாரும் எழுதி வாங்கலையே."

மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று கதற வேண்டும் போல் இருந்தது கெசையாவுக்கு. அது முன்கட்டுக்குக் கேட்கும். "சூடு ஆறினா இறகு வராது. அந்தப் பக்கம் பிடி" என்றாள். லெட்டி வீங்கிய விரல்களால் கோழியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

முன்கட்டில் பாஸ்கம் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்ததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "நான் சொன்னேனா இல்லையா? கெசையா தானா வந்துட்டா, பாரு. நம்மள விட்டா அவங்களுக்கு வேற யாரு?" என்றார். குரல் தழுதழுத்தது. இதையும் அவர் மனசார நம்பினார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற எவருக்கும், அந்த நீதிபதிக்கு, அந்த லெப்டினன்டுக்கேகூட, அவர் சொல்வதுதான் உண்மை என்று தோன்றும். கெசையா இறகைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள்.